பழைய புல்லட்: ஸ்பார்க் தகராறும் அம்மீட்டர் முள்ளும்

தொண்ணூறுகளில் வந்த, பிளாட்டின பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக மூடித் திறக்கும் சின்ன ஸ்விட்ச்) வைத்த புல்லட் 350 ஒன்றைப் பல வருடமாக ஓட்டுகிறேன். அம்பாசமுத்திரம், பாபநாசம், சாரல் நேரத்தில் குற்றாலம், அப்புறம் மாமனார் ஊரான உவரி என்று எல்லாப் பக்கமும் போய் வந்த வண்டி. வழியில் நின்றபோதெல்லாம் வயரிங்தான் காரணம். வண்டிக்கு வயசு, உவரியின் உப்புக் காற்று, பலர் கைபட்டு முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுகள், எல்லாம் சேர்ந்துகொண்டன.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று பட்டறைக்குப் போனால் முதலில் காதில் விழுவது, "காயில் போச்சு அண்ணாச்சி, மாத்திருவோம்." எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் கொடுக்கும் இந்தக் காயில் அவ்வளவு சீக்கிரம் போகிற சாமான் கிடையாது. பாளையங்கோட்டையில் வயதான மெக்கானிக் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: "தம்பி, லைட்டை அணைச்சிட்டு சாவியைப் போடுங்க. கிக்கரை மெதுவா அமுக்கி, அம்மீட்டர் முள்ளைப் பாருங்க."

பேட்டரிக்குள் போகிற, வெளியே வருகிற கரண்ட்டைக் காட்டுவது அம்மீட்டர். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடுவதால் முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். கிக்கர் இறங்க இறங்க முள் இப்படி ஆடினால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை வழி சரி; கண்டென்சர் (பாயிண்ட்டில் பெரிய பொறி பறக்காமல் தடுப்பது), பிளக், பிளக் கேப் பக்கம் தேடலாம். சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது அதன் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. அசையவே இல்லையென்றால் ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், கரி பிடித்த பாயிண்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல் பாதி வேலை முடிந்துவிடுகிறது!

என் வண்டியை அதிகம் படுத்தியது எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு. பேட்டரி நெகட்டிவில் மல்டிமீட்டரின் ஒரு முனை, இன்ஜின் உலோகத்தில் இன்னொரு முனை. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. எனக்கு அதற்கும் மேலே காட்டியது. எர்த் வயர் முனையிலுள்ள லக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. பெயிண்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு உலோகம் பளபளக்கத் தேய்த்து, வாசலின் தடவி முடுக்கினேன். அன்றைக்கே ஹாரன் சத்தம் மாறியது, ஐடிலிங்கும் நிதானமானது.

ஹேண்டிலைத் திருப்பினால் இன்ஜின் அணைகிறதா? ஸ்டீயரிங் கழுத்தில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. நல்ல வெயிலில் ஓடி, சூடானதும் நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான்; பாயிண்ட்டில் நீலமாகப் பெரிய பொறி பறக்கும். சாரலில் மட்டும் திணறினால் இருட்டில் வைத்து பிளக் கேப்பைப் பாருங்கள், ஸ்பார்க் வெளியே ஒழுகுவது கண்ணுக்கே தெரியும்.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார்கள். மோசமான எர்த்தில் அதுவும் மக்கர் பண்ணும், ரோட்டோரத்தில் சரி பண்ணவும் முடியாது. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த பாயிண்ட்டே எனக்குப் போதும். டூல் பாக்ஸில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு), உப்புத்தாள், ஒரு கண்டென்சர், ஒரு முழ வயர் எப்போதும் இருக்கும். சாவி ஸ்விட்ச் காலை வாரினால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து காயிலின் பாசிட்டிவுக்கு அந்த வயரை நேராகக் கொடுத்து வீடு வந்து சேரலாம். இறங்கியதும் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் காயில் சூடேறி உண்மையிலேயே போய்விடும்.