பிரஷ் மக்கர் செய்யும்போது: கிரிட்டாவா, கிளிப் ஸ்டுடியோவா?

வேலூர் சத்துவாச்சாரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். கணினியில் வரையும் வகுப்பு தொடங்கலாம் என்றபோது, கிரிட்டா, கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட் என்ற இரண்டு ஓவிய மென்பொருள்களையும் அடுத்தடுத்த கணினிகளில் போட்டுப் பிள்ளைகளிடமே விட்டேன். கடைசியில் கிரிட்டாதான் என்று முடிவானது. அது இலவசம், மற்றது காசு என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் பார்த்தது வேறு. பிரஷ்ஷோ நிறமோ கெட்டுப்போனால் எவ்வளவு சீக்கிரம் பழையபடி வரைய முடிகிறது?

சில கோளாறுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பேனாவை அழுத்தியும் கோடு தடிக்கவில்லையா? பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்ல விண்டேப் (Wintab), விண்டோஸ் பேனா முறை என இரண்டு வழிகள் உண்டு. மென்பொருளின் டேப்லெட் அமைப்பில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். “மிஸ், பிரஷ் வரைய மாட்டேங்குது, அழிக்குது” என்று குரல் வந்தால், கிரிட்டாவில் ஈ விசை தட்டுப்பட்டிருக்கும். கிளிப் ஸ்டுடியோவில் சி விசை பட்டு, நிறத்துக்குப் பதில் ‘ஒளிபுகும் நிறம்’ தேர்வாகியிருக்கும். அதே விசையை இன்னொரு முறை தட்டினால் போதும்.

வித்தியாசம் தெரிவது ஒரே கணினியில் பல கைகள் மாறும்போதுதான். கிளிப் ஸ்டுடியோவில் ஒரு பிரஷ்ஷின் அளவு, அடர்த்தி, நிறம் கலக்கும் விதம் என எதை மாற்றினாலும் அந்த மாற்றம் அப்படியே தங்கிவிடும். தனியாக வரைபவருக்கு இது வசதி. என் வகுப்பிலோ காலையில் வந்த பையன் பென்சிலை வாட்டர்கலர் மாதிரி ஆக்கிவிட்டுப் போவான். மாலையில் வரும் பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஆரம்ப நிலைக்குத் திருப்ப ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அதை ஒவ்வொரு பிரஷ்ஷாகத்தான் செய்ய வேண்டும். யாராவது மாற்றிய அமைப்பையே ‘ஆரம்ப நிலை’ என்று சேமித்துவிட்டால் அந்தப் பொத்தானும் உதவாது.

கிரிட்டாவில் வேறு பிரஷ்ஷுக்குப் போய்த் திரும்பி வந்தால் பழைய பிரஷ் அதன் சொந்த அமைப்போடு வந்து நிற்கும். சேமிக்கும் பொத்தானை அழுத்தாதவரை எதுவும் தங்காது. மாற்றங்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் வசதி ஒன்று பிரஷ் எடிட்டரில் இருக்கிறது. அது மட்டும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகூட “வேற பிரஷ் தொட்டுட்டு வா” என்றால் தானே சரிசெய்துகொள்கிறது. எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

நிறத்துக்கு வருவோம். கிளிப் ஸ்டுடியோவில் பழகியவர்கள் கிரிட்டாவுக்கு வந்ததும் “கலர் எல்லாம் மங்கிப்போச்சு” என்பார்கள். அங்கே, அன்டூ செய்து விலக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் (ரீடூ) விசை கண்ட்ரோல்-ஒய். இங்கே அதே விசை, அச்சில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் முன்னோட்டத்தை இயக்கிவிடும். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மீண்டும் அழுத்தினால் நிறம் திரும்பிவிடும். கிரிட்டாவில் ரீடூ செய்ய கண்ட்ரோல்-ஷிப்ட்-இசட்.

அந்த முன்னோட்டத்தைத் தெரிந்தே பயன்படுத்துவது நல்ல பழக்கம். நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை வரையச் சொன்னால் பிள்ளைகள் திரையில் பளபளக்கும் ஊதாவைத்தான் எடுப்பார்கள். அச்சு மைக்கு அந்த ஊதா எட்டாது, தாளில் வெளிறிப்போகும். கிரிட்டாவில் கண்ட்ரோல்-ஷிப்ட்-ஒய் அழுத்தினால் எந்தெந்த இடம் அச்சுக்கு எட்டாது என்று குறித்தே காட்டும். அச்சுக்கான முன்னோட்டம் கிளிப் ஸ்டுடியோவிலும் உண்டு. ஆனால் அந்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட் மட்டுமே, அதாவது 256 படிகள். கிரிட்டாவில் இன்னும் நுணுக்கமான படிகள் கொண்ட 16 பிட்டில் வரையலாம். கத்தரிக்காயின் பளபளப்பை மென்மையான பிரஷ்ஷால் மேல்மேலாகத் தேய்க்கும்போது பட்டை பட்டையாகத் தெரிவது இதனால் குறையும். பதிலுக்கு நினைவகம் இரண்டு மடங்கு வேண்டும்; பழைய கணினியில் பெரிய பிரஷ் இழுபடும்.

காமிக்ஸ் வரைபவர்களுக்கு நான் கிரிட்டாவைப் பரிந்துரைக்க மாட்டேன். கட்டம் பிரிப்பது, பேச்சுக் குமிழி, மைக்கோடு எல்லாவற்றிலும் கிளிப் ஸ்டுடியோ ஒரு படி மேல். ஐபேடில் நான் அதிகம் வரைந்ததில்லை. இதெல்லாம் விண்டோஸ் கணினியை வைத்துச் சொன்னது.

ஏற்கெனவே கிளிப் ஸ்டுடியோ வாங்கிவிட்டவர்கள், வீட்டில் இன்னொருவரும் அதே கணினியைத் தொடுகிறார் என்றால், அடிக்கடி எடுக்கும் பிரஷ்களுக்கு மட்டுமாவது பூட்டுப் போட்டு வையுங்கள். பூட்டிய பிரஷ்ஷில் யார் எதை மாற்றினாலும், அடுத்த முறை அதைத் தேர்ந்தெடுக்கும்போது பூட்டிய அமைப்புக்கே திரும்பிவிடும்.