பெரம்பூர் பழைய ரெக்கார்டு கடை: பின்பக்க அலமாரியைக் கட்டாயம் பாருங்கள்

பெரம்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இந்தச் சின்ன எல்பி கடைக்கு எம்.எஸ்.வி., இளையராஜா ரெக்கார்டு தேடித்தான் எல்லோரும் போகிறார்கள். அவை நிறையவே இருக்கின்றன. ஆனால் உண்மையான புதையல் பின்பக்கத்து வெளிநாட்டு அலமாரிதான். அங்கேதான் லில் வாலி என்று பெயரெடுத்த வால்டர் யாகியெல்லோவின் போல்கா (துள்ளலான ஐரோப்பிய நடன இசை) ரெக்கார்டு கிடைத்தது, சென்னையில் இதைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை.

கடைக்காரர் உடனே பிளேயரில் போட்டுவிட்டு, "முழுசா கேட்டுட்டு எடுங்க சார், அவசரமே இல்ல" என்றார். இந்த ஒரு குணத்துக்காகவே திரும்பத் திரும்பப் போகலாம்.

வாலி சிகாகோக்காரர். அந்த ஊரின் உருக்காலைகளுக்கும் இறைச்சித் தொழிற்சாலைகளுக்கும் வேலைக்கு வந்த போலந்துக் குடும்பங்களின் பிக்னிக்குகளில் சின்னப் பையனாகப் பாட ஆரம்பித்து, டிரம் வாசித்துக்கொண்டே பாடி, 1951-ல் ஜே ஜே என்று சொந்த ரெக்கார்டு கம்பெனியே தொடங்கியவர். அமெரிக்கக் கிழக்குக் கரைப் போலந்து பாண்டுகள் எழுதிவைத்த இசைக்குறிப்பைப் பார்த்து, பெரிய செட்டாக, படுவேகமாக வாசித்துக்கொண்டிருந்தபோது இவர் வேகத்தைக் குறைத்தார், ஆட்களையும் குறைத்தார், கிராமத்துப் பாட்டின் உருக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 1959-ல் சிகாகோ பேஸ்பால் அணியான வொயிட் சாக்ஸுக்கு ஒரு பாட்டு எழுதியதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

இதில் கான்செர்ட்டினாவை, அதாவது கையில் பிடித்து வாசிக்கும் துருத்திப் பெட்டியை, கவனித்துக் கேளுங்கள். உள்ளே நம் ஆர்மோனியத்தில் இருக்கிற மாதிரி உலோக ரீடுகள்தான், ஆனால் ஒரே பட்டனைப் பிடித்துக்கொண்டு துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறொரு ஸ்வரம். அதனால் பாட்டே மூச்சு வாங்கி மூச்சு விடுகிறது. நல்ல ஸ்பீக்கரில் துருத்தியை உதறும் அதிர்வுகூடக் கேட்கிறது. அப்புறம், ஓபரெக் (போலந்து நாட்டு நடன இசை) என்று போட்டிருந்தால் விடாதீர்கள். போல்கா இரண்டு தட்டு, ஓபரெக் மூன்று தட்டு, திஸ்ரம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதல் தடவையிலேயே பிடித்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ரெக்கார்டுகளை நிறுத்தி வைக்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டு அடுக்கியிருக்கிறார்கள், சென்னை வெயிலில் அடியில் இருப்பவை வளைந்துபோகின்றன. இவ்வளவு அருமையான சரக்கை இப்படி வைத்திருப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வாங்கும் முன் கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள், அலை அலையாகத் தெரிந்தால் வேண்டாம். விலையும் எதிலும் எழுதியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடி பிளாசோன்ச்சிக்கின் வெர்சடோன்ஸ் குழு ரெக்கார்டு வந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், இதே சிகாகோ பாணிப் போல்காவில் கிராமி வரை போனவர்கள் அவர்கள். ஞாயிறு சாயங்காலம் கூட்டம் நெரியும், சனிக்கிழமை காலையில் போனால் நிதானமாக உட்கார்ந்து கேட்கலாம். ஜிபே உண்டு. கவர் கிழிந்திருந்தால் காட்டிக் கேளுங்கள், கொஞ்சம் குறைத்துக் கொடுப்பார்.