கணப்பு மாடத்துக்குக் கால்சியம் சிலிகேட் பலகை: ஒரு குளிர்காலப் பயன்பாட்டுக்குப் பின்

பழைய கணப்பு மாடத்துக்குள் விறகு ஸ்டவ்வைப் பொருத்திய பிறகும், உடைந்த செங்கல்லும் கரி படிந்த சாந்துமாகத் தெரியும் உட்சுவர்களை மூடிச் சீராக்கும் வேலை மிஞ்சியிருக்கும். அதற்காக நான் வாங்கியது 12 மில்லிமீட்டர் கனமுள்ள கால்சியம் சிலிகேட் பலகை; சுண்ணாம்பும் சிலிக்காவும் சேர்த்துச் செய்யும், எரியாத பலகை இது. ஒரு குளிர்காலம் முழுவதும் அதனருகே நெருப்பு எரிந்த பிறகு இதை எழுதுகிறேன்.

விலை அதிகம் என்பதால், இதற்குப் பதிலாகச் சாதாரண ஜிப்சம் பலகை போதாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. போதாது. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதன் படிகத்தோடு பிணைந்திருக்கும் நீர். தீ விபத்தில் அந்த நீர் ஆவியாகிச் சிறிது நேரம் நெருப்பைத் தாமதப்படுத்தும்; ஆனால் நாள்தோறும் சூடேறி ஆறும் இடத்தில் அதே நீர் மெல்ல மெல்ல வெளியேறிவிடுவதால், பலகை வலுவிழந்து விரிசல் விடும், மேலே ஒட்டியுள்ள காகிதமும் பழுப்பேறும். கால்சியம் சிலிகேட்டில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்டவ்வின் பின்புறம், சூடு மிகுதியாகப் படும் இடத்தில்கூடப் பலகை வளையவோ நிறம் மாறவோ இல்லை.

எனினும் விற்பனைத் தாள்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. பலகை எரியாது என்பதால் அதற்குப் பின்னால் உள்ள மரமும் பத்திரமாக இருக்கும் என்று பொருளாகாது. சூடு பலகையை ஊடுருவிச் செல்லும், நெடுங்காலம் சூடுபட்ட மரம் சுடர் தீண்டாமலே கருகும். ஆகவே மரச்சட்டங்களுக்கு ஸ்டவ் தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் இடைவெளியைப் பலகையைக் காரணம் காட்டிக் குறைக்கக் கூடாது.

வெட்டுவதற்குச் சாதாரணக் கைரம்பமே போதும். ஆனால் கிளம்பும் தூசி மிக நுண்ணியது, அதில் நுரையீரலுக்குக் கேடான சிலிக்காவும் இருக்கலாம் என்பதால் நல்ல முகக்கவசம் இல்லாமல் ரம்பத்தைத் தொடவே வேண்டாம். ஓரங்கள் எளிதில் பொடிந்துவிடும். திருகாணிக்கு முன்கூட்டியே துளையிட்டுக்கொள்வது நல்லது. பசையை மட்டும் நம்பாமல் திருகாணியும் போட வேண்டும்.

இந்தப் பலகையின் உண்மையான குறை அதன் தாகம். மேலே பூசும் சாந்தின் ஈரத்தை நொடியில் உறிஞ்சிவிடுவதால், பூச்சு பிடிப்பதற்குள் காய்ந்து உதிர்கிறது. முதலில் பிரைமர் அடித்து, மூட்டுகளில் கண்ணாடியிழை வலை நாடா ஒட்டி, வெப்பம் தாங்கும் பூச்சை மெல்லிதாகப் பூசினால் நிற்கும். பூச்சு நன்றாக உலர்ந்த பின்னரும் முதல் சில நாட்கள் சிறு நெருப்பு மட்டுமே மூட்ட வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மேற்பரப்பைப் பிளந்துவிடும்.

புகைக்குழாயைச் சுற்றிய இடைவெளியைப் பூச்சுச் சாந்தால் இறுக அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் இரும்பு விரிவடையும்போது அந்தச் சாந்துதான் முதலில் வெடிக்கும். வெப்பம் தாங்கும் கயிற்றை அங்கே சுற்றிச் செருகுவதே சரி. புகைபோக்கியைத் துடைப்பதற்கான வழியையும் மூடிவிடக் கூடாது.

மாடத்தின் செங்கற்கள் உறுதியாகவும் சீராகவும் இருந்தால் இந்தப் பலகை தேவையே இல்லை. கரியைச் சுரண்டி, மூட்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பிவிட்டால் செலவும் குறையும், பார்வைக்கும் அழகாக இருக்கும். சிதைந்த மாடத்துக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கிறேன்.