எஃப்ஐஆர் போட்டுத் தர்றோம்னு பணம் கேட்டா கொடுக்காதீங்க, எங்க 14,500 ரூபாய் போச்சு

ஆத்திரம் அடங்கல, ஆனா இதை இன்னைக்கே எழுதிடணும். திருட்டுப் புகாரை எஃப்ஐஆரா பதிவு பண்ணித் தர்றோம்னு சொல்லி எங்ககிட்ட 14,500 ரூபாய் வாங்கியிருக்காங்க. அந்த வேலைக்கு ஸ்டேஷன்ல ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. எஃப்ஐஆர் காப்பியும் இலவசம்தான், சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு.

அப்பாவோட பைக் திருடு போச்சு. தவணை இன்னும் முடியல. அன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். ரைட்டர் வாங்கிட்டு, புகார் வந்து சேர்ந்துச்சுன்னு காட்டுற ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கையில கொடுத்தாரு. "வண்டி எங்கயாவது தட்டுப்படுதான்னு பாருங்க, எஃப்ஐஆர் அப்புறம் போட்டுக்கலாம்"னு அனுப்பிட்டாங்க. மறுபடி போனா எஸ்.ஐ. இல்லைன்னாங்க. இன்சூரன்ஸ்ல கேட்டா, "சிஎஸ்ஆர் எடுத்துக்க மாட்டோம், எஃப்ஐஆர் வேணும்"னு கறாரா சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் அலையறப்பதான் இந்தக் கும்பல் கண்ணுல பட்டுச்சு.

பேரைப் போடல. இது நெட்டுல விளம்பரம் போட்டு, கோர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்து நடத்துற "சட்ட உதவி" சர்வீஸ். உள்ளே போனா வக்கீல் ஆபீஸ்னுதான் நினைக்கத் தோணும். அலமாரி நிறைய சட்டப் புத்தகம், மேஜை மேல சிவப்பு நாடா கட்டின கட்டு.

அங்க இருந்தவர் எடுத்ததும் பணத்தைப் பத்திப் பேசல. அப்பாவை உட்கார வச்சு, தண்ணி கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீதை வரி வரியாப் படிச்சாரு. தேதி போட்ட இடத்துல பேனாவை வச்சு, "ஐயா, திருட்டு பிடியாணை இல்லாமலே கைது பண்ணக்கூடிய குற்றம். இதுக்கு எஃப்ஐஆர் போட்டே ஆகணும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டம், 173-ஆவது பிரிவு. லலிதா குமாரி வழக்குல 2013-லயே சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிகள் சொல்லிட்டாங்க"ன்னாரு. ஸ்டேஷன்ல யாரும் அப்பாகிட்ட இவ்வளவு மரியாதையா ரெண்டு நிமிஷம் பேசல. அப்பா முகம் தெளிஞ்சுது. அந்த இடத்துலதான் நாங்க நம்பினோம்.

வீட்டுக்கு வந்து பின்னாடி நானே படிச்சுப் பார்த்தேன். அவர் சொன்ன சட்டம் அத்தனையும் நிஜம். அதே 173-ஆவது பிரிவுல, புகார் கொடுத்தவருக்கு எஃப்ஐஆர் நகலை உடனே இலவசமாத் தரணும்னு ஒரு வரி இருக்கு. ஸ்டேஷன்ல மறுத்தா எஸ்.பி.க்குத் தபால்ல நாமே எழுதலாம்னு இன்னொரு வரி இருக்கு. இந்த ரெண்டு வரியையும் மட்டும் மறைச்சிட்டு மிச்சத்தை எங்களுக்கு வித்திருக்கான். இதைத்தான் என்னால தாங்க முடியல. எங்க உரிமையை எங்ககிட்டயே 14,500 ரூபாய்க்கு வித்துட்டான்.

முதல்ல 9,500 முன்பணம். அப்புறம் "மனுச் செலவு"ன்னு 5,000. கம்பெனி பேர்ல இல்லாம ஒரு தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணச் சொன்னாங்க. ரசீதுல வெறும் "சேவைக் கட்டணம்"னு இருக்கு, என்ன சேவைன்னு ஒரு வார்த்தை கிடையாது.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது இழுத்தடிப்பு. "இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துல இருக்காரு." "நாளைக்கு முதல் வேலை உங்களோடதுதான்." "சார் ஹியரிங்ல இருக்காங்க, நீங்க வாட்ஸ்அப்ல போடுங்க." வாட்ஸ்அப்ல போட்டா நீல டிக் விழும், பதில் வராது. அப்பா போன் பண்ணா எடுக்கறதே இல்ல. வேற நம்பர்ல இருந்து பண்ணா, யாரோ ஒரு பொண்ணு எடுத்து ஃபைல் நம்பர் கேட்கும். எங்களுக்கு ஃபைல் நம்பரே யாரும் கொடுக்கல.

கடைசியா ஒரு பிடிஎஃப் அனுப்பி "வேலை முடிஞ்சுது"ன்னாங்க. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல அதைப் பார்த்த அக்கா, "இது எஃப்ஐஆர் இல்லையே தம்பி, போலீஸ் வெப்சைட்ல புகார் கொடுத்ததுக்கு வர்ற ரசீது"ன்னாங்க. யார் வேணா வீட்ல இருந்தே காசில்லாம பண்ணிக்கலாம். ஆன்லைன்ல தகவல் கொடுத்தா, கொடுத்தவர் 3 நாளுக்குள்ள கையெழுத்துப் போட்டாத்தான் அதை எஃப்ஐஆரா எடுத்துக்கணும்னு அதே 173 சொல்லுது. இவங்க எங்களைக் கையெழுத்துக்கே கூப்பிடல. 14,500 ரூபாய் வாங்கிட்டு அந்த வேலையைக்கூட அரைகுறையா விட்டிருக்காங்க.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சேவை முடிஞ்சா ரீஃபண்ட் கிடையாது. ஸ்டேஷன்லயே எங்களை நல்லாத் தெரியும், பார்த்துப் பேசுங்க"ன்னு மிரட்டிட்டு நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம், போன நாட்கள். வண்டி திருட்டு கேஸ்ல, உடனே எஃப்ஐஆர் போட்டிருந்தா, இன்சூரன்ஸுக்குச் சொல்றதுல தாமதம்ங்கற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2020-ல சொல்லியிருக்கு. எங்களுக்கு எஃப்ஐஆரே தள்ளிப் போச்சே. இனி இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்வானோன்னு அப்பா தூங்காம உட்கார்ந்திருக்காரு.

போலீஸ்ல புகார் கொடுக்கறப்ப நமக்கு என்னென்ன உரிமை இருக்குன்னு முழுசா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இப்ப அதுக்கு மனசு இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்கங்க.

சிஎஸ்ஆர் வேற, எஃப்ஐஆர் வேற. சிஎஸ்ஆர்ங்கறது புகார் வந்து சேர்ந்ததுக்கு ஒரு ரசீது, அவ்வளவுதான். அதை வாங்கிட்டுக் கிளம்பிடாதீங்க, எஃப்ஐஆர் எப்போன்னு கேளுங்க.

ஸ்டேஷன்ல போட மாட்டேன்னா, அதே புகாரை எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்பி ரசீதை வச்சுக்கங்க. அதுக்கும் அசையலன்னா அதே சட்டத்தோட 175(3) பிரிவுல மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடலாம், கூடவே பிரமாணப் பத்திரம் வைக்கணும். "எங்க லிமிட் இல்ல"ன்னு திருப்பி அனுப்பினா ஜீரோ எஃப்ஐஆர்னு கேளுங்க, எந்த ஸ்டேஷன்லயும் போடலாம்.

வக்கீல் வேணும்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, போன் 15100. பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் தருவாங்க. கோர்ட் வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும். நாங்க பணம் கட்டின ரூம்ல இருந்து அது நடந்து போற தூரம், யாரும் எங்களுக்குச் சொல்லல.

ஆன்லைன் மோசடியில பணம் போயிருந்தா முதல்ல சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

எஸ்.பி.க்கு அப்பா பேர்ல புகார் எழுதி முடிச்சிட்டேன், காலைல தபால் ஆபீஸ் திறந்ததும் போயிடும். இந்த 14,500 ரூபாய்க்குத் தனியா ஒரு மோசடிப் புகாரும் எழுதிட்டு இருக்கேன். இதே மாதிரி இடத்துல நீங்களும் பணம் கட்டியிருந்தா ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் சாட்டையும் அழிச்சிடாதீங்க. அந்த ஆள் டிஸ்ப்ளே படத்தை மாத்தறதுக்கு முன்னாடி அதையும் சேவ் பண்ணி வைங்க.