பிஎஸ்5-க்கு 4கே 120 ஹெர்ட்ஸ் டிவி என்று சொல்லி 67,490 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள், வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுவது முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் மாதிரி கேம் கன்சோல் வைத்திருப்பவர்கள் அதற்கென்று டிவி பார்க்கக் கிளம்புகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கும் என் தம்பிக்கும் போனது 67,490 ரூபாய். டிவி 62,990, எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று 3,500, ஒரு கேபிளுக்கு 1,000. அந்தக் கேபிள் கதையே தனி, பின்னால் சொல்கிறேன்.

கடை பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரும்வரை பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார். கோவையில் பல கிளைகள் உள்ள, மாடி மாடியாக ஏசி போட்ட, பண்டிகை வந்தால் வாசலில் பலூன் கட்டிப் பாட்டுப் போடும் எலக்ட்ரானிக்ஸ் ஷோரூம். அவ்வளவு போதும்.

பெரிய டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அதற்காகவே காத்திருந்தோம். தம்பி மில்லில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான், அவன் தீபாவளி போனஸ் பாதி, நான் சேர்த்தது பாதி. எங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. 55 இன்ச், 4கே படத்தை (3840 பெருக்கல் 2160 புள்ளிகள்) நொடிக்கு 120 தடவை, அதாவது 120 ஹெர்ட்ஸில், புதுப்பிக்கும் பேனல் (திரை), விஆர்ஆர், இந்த மூன்றும்தான். நொடிக்கு 60 என்றால் ஒரு ஃப்ரேம் திரையில் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 120 என்றால் 8.3. ராக்கெட் லீக், ஃபோர்ட்நைட் மாதிரி 120-ல் ஓடக்கூடிய ஆட்டங்களில் அந்த வித்தியாசம் கட்டைவிரலுக்கே தெரியும். விஆர்ஆர் என்பது ஆட்டத்தின் வேகம் ஏறி இறங்கும்போது டிவி படத்தைப் புதுப்பிக்கும் வேகமும் கூடவே ஏறி இறங்குவது, பிஎஸ்5-க்கு 2022 ஏப்ரலில்தான் அப்டேட்டில் வந்தது. இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் போனோம். தெரியாமல் போய் மாட்டவில்லை என்பதற்காகச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள்.

விற்பனைப் பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாங்கள் வாயைத் திறந்ததுமே, "கேமிங்குக்குங்களாண்ணா? அப்ப என்கிட்டயே கேளுங்க, நானும் பிஎஸ்5 வச்சிருக்கேன், ராத்திரி டூட்டி முடிஞ்சா ராக்கெட் லீக்தான்" என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் தம்பி முகம் மலர்ந்தது. மற்ற கடைகளில் எல்லாம் எங்களிடம் யூடியூப் ஓடுமா, எத்தனை வாட் ஸ்பீக்கர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், இவன் ஒருத்தன்தான் கேம் மோடு, இன்புட் லேக் (பட்டனை அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் இடையிலான தாமதம்) என்று எங்கள் பாஷையில் பேசினான். டிஸ்பிளேயில் ஓடிக்கொண்டிருந்த டிவியில் பிஎஸ்5 இணைத்தே வைத்திருந்தார்கள். ரிமோட்டை அழுத்தி மேல் மூலையில் தகவல் பட்டையை வரவழைத்துக் காட்டினான்: 3840 பெருக்கல் 2160, 120 ஹெர்ட்ஸ். கண்ணால் பார்த்தோம். தம்பி கொஞ்ச நேரம் ஆடியும் பார்த்தான். விலைச்சீட்டோடு சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். இன்று எங்களிடம் இருக்கும் ஒரே பலமான சாட்சி அதுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பணம் கட்டும் முன் எழுத்தில் இருக்கட்டும் என்று அவனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "4கே-வில் 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ 2.1, விஆர்ஆர், மூன்றும் இந்த டிவியில் இருக்கிறதா?" எச்டிஎம்ஐ என்பது கன்சோலிலிருந்து படத்தை டிவிக்குக் கொண்டுபோகும் இணைப்பு, 2.1 என்பது அதில் 2.0-க்கு அடுத்த ரகம். பதில் குரல் பதிவாக வந்தது. "எல்லாமே இருக்குதுங்ணா, ரெண்டு போர்ட்ல வரும், நீங்க தைரியமா எடுங்க, ஏதாச்சும்னா நான் இருக்கேன்ல." உடனே ஆன்லைனில் முழுப் பணமும் அனுப்பினேன். 67,490 ரூபாய், ஒரே தவணையில்.

மறுநாள் டிவி வந்தது, ஆள் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனான். ராத்திரி தம்பி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பிஎஸ்5-ஐப் போட்டோம். முகப்பு நன்றாகவே இருந்தது. ஆட்டத்தை 120-க்கு மாற்றியதும் திரை ஒரு நொடி கறுத்து மறுபடி வந்தது, வந்த படத்தில் ஏதோ சரியில்லை. மைதானத்தின் வெள்ளைக் கோடு படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து தெரிந்தது, மூலையில் இருக்கும் ஸ்கோர் எண்கள் ஓரம் கசங்கியிருந்தன. தகவல் பட்டையை வரவழைத்தேன். 1920 பெருக்கல் 1080, 120 ஹெர்ட்ஸ். 120 இருக்கிறது, 4கே இல்லை. பிஎஸ்5 செட்டிங்ஸில் திரை அமைப்புக்குள் போனால் இந்த டிவி எதையெல்லாம் ஏற்கும் என்று அதுவே காட்டும். 4கே என்றால் 60, 120 என்றால் 1080. விஆர்ஆர் ஆதரவு இல்லை. போர்ட்டை மாற்றி மாற்றிச் சொருகியும் அதேதான்.

பெட்டியைத் திருப்பி மாடல் எண்ணைப் பார்த்தோம், தம்பி எடுத்த போட்டோவில் இருந்த எண்ணோடு வைத்துப் பார்த்தோம். சீரிஸ் பெயர் ஒன்றே, எண்கள் எல்லாம் ஒன்றே, கடைசியில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து வேறு. அந்த எழுத்தில்தான் பேனலே மாறுகிறது. பில்லில் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? "55 யுஎச்டி எல்இடி டிவி, 1 எண்." மாடல் எண்ணே கிடையாது. எங்களுக்குக் கொடுத்த அந்த மாடல் வெளியில் 41,000-க்கும் கீழே கிடைக்கிறது.

இதில் நடக்கும் வித்தை எல்லாருக்கும் தெரிய வேண்டும், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். 4கே பேனலில் மேலிருந்து கீழே 2160 வரிசைகள். சாதாரண 60 ஹெர்ட்ஸ் பேனல் இந்த வரிசைகளை ஒவ்வொன்றாக இயக்கி நொடிக்கு 60 முறைதான் முழுப் படத்தையும் மாற்ற முடியும். டிஎல்ஜி என்று ஒரு வழி இருக்கிறது. அதில் இரண்டு இரண்டு வரிசைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் இயக்குவார்கள். இயக்க வேண்டியது பாதியாகிவிடுவதால் 120 முறை மாற்ற முடிகிறது, ஆனால் படத்தின் உயரத்தில் இருக்கும் நுணுக்கம் பாதி போய்விடும். அந்த வெள்ளைக் கோடு படிக்கட்டாக உடைந்ததன் காரணம் இதுதான். தெரிந்தே விலை குறைவான டிவியில் இதை ஒருவர் வாங்கினால் தப்பே இல்லை. ஆனால் 4கே-வில் 120 ஓடும் டிவியைக் காட்டி, அதன் விலையை வாங்கிக்கொண்டு, இதை மாட்டிவிடுவது பச்சை மோசடி.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. ராத்திரியே திரையைப் போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பினேன். காலையில் பார்த்தால் என் கேள்வி அப்படியே நிற்கிறது, அதன் கீழே குரல் பதிவு இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் பணம் போனதற்குக்கூட வரவில்லை. "நான் இருக்கேன்ல" என்று சொன்னவன் போனையும் எடுக்கவில்லை.

நேரில் போனால் அவன் வேறு கிளைக்கு மாறிவிட்டானாம். மாடி மேலாளர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "120 வருதில்ல சார்? அப்புறம் என்ன கம்ப்ளைண்ட்?" 4கே-வில் வரவில்லை என்றால், "கேபிள் மாத்திப் பாருங்க." எந்தக் கேபிளை மாற்றுவது? அவர்கள் தலையில் கட்டிய அதே ஆயிரம் ரூபாய் கேபிளைத்தான் போட்டிருந்தோம், பிஎஸ்5 பெட்டியிலேயே 4கே 120-ஐத் தாங்கும் அல்ட்ரா ஹை ஸ்பீடு கேபிள் ஒன்று சும்மா வருகிறது, அதையும் போட்டுப் பார்த்தாயிற்று. உடனே பெட்டியின் படத்தைக் காட்டி, "எச்டிஎம்ஐ 2.1-னு அச்சடிச்சே இருக்கு, நாங்க என்ன பொய்யா சொல்றோம்?" என்றார்.

இங்கேதான் எல்லாரும் கவனிக்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.1 என்ற அச்சு ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை. அதற்கு உரிமம் கொடுக்கும் அமைப்பே 2.0 என்ற பெயரைக் கைவிட்டு, 2.1-இன் வசதிகள் எல்லாம் கட்டாயமில்லை, வேண்டியதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. 2021 கடைசியிலேயே இது பெரிய பேச்சானது. அதனால் பழைய 2.0 அளவான நொடிக்கு 18 ஜிகாபிட் மட்டுமே போகும் போர்ட்டுக்கும் 2.1 என்று போட்டுக்கொள்ளலாம். 2.1-இன் முழு அளவு 48. பிஎஸ்5-இன் 4கே 120 படம் 18-க்குள் அடங்காது. இதை மேலாளரிடம் சொன்னேன், "அதெல்லாம் கம்பெனிகிட்ட கேளுங்க சார்" என்று எழுந்து போய்விட்டார்.

கம்பெனியின் இலவச எண்ணில் கேட்டால் கடையில் கேளுங்கள் என்கிறார்கள். சர்வீஸ் ஆள் ஒருத்தர் வந்தார், நல்ல மனுஷன், திரையைப் பார்த்ததுமே "இந்த மாடல்ல அவ்வளவுதான் சார் வரும்" என்று வாயால் சொன்னார், ரிப்போர்ட்டில் "பழுது எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு கடையில் ஒரு புது யோசனை சொன்னார்கள். "பெட்டி பிரிச்ச சரக்கு, பழைய டிவி கணக்குல 31,000-க்கு எடுத்துக்கறோம், மேல வித்தியாசத்தைக் கட்டிட்டு டிஸ்பிளேல பாத்த மாடலை எடுத்துக்கங்க." 62,990 ரூபாய் கட்டிய டிவி ஒரு வாரத்துக்குள் 31,000. தம்பி அங்கேயே சத்தம் போட்டுவிட்டான், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் தரம், ரகம், மாடல் பற்றிப் பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகமுறை என்று தெளிவாக இருக்கிறது. அங்கே தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது. 67,490 ரூபாயும் வராமல் விடுவதாக இல்லை.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "120 ஹெர்ட்ஸ் இருக்கா" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் இருக்கு என்பார்கள், "பேனல் நேட்டிவ் 120-ஆ, 4கே-வில் 120 வருமா, எந்தப் போர்ட்டில்" என்று கேளுங்கள். நேட்டிவ் என்றால் எந்த வித்தையும் இல்லாமல் பேனலே 120 முறை புதுப்பிப்பது. எம்இஎம்சி (இடையில் டிவியே போலி ஃப்ரேம்களைச் சேர்ப்பது), மோஷன் ரேட் (விளம்பரத்துக்கு ஏற்றிப் போடும் எண்), டிஎல்ஜி என்று எது ஒட்டியிருந்தாலும் அந்த 120-ஐக் கணக்கில் எடுக்காதீர்கள். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை பில்லில் அடிக்கச் சொல்லுங்கள், அடிக்க மாட்டேன் என்றால் அங்கே பணம் கட்டாதீர்கள். டெலிவரி ஆள் டேப்பைக் கிழிக்கும் முன் பெட்டியில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கன்சோலைச் சொருகி 4கே 120 காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை அவனைச் சுவரில் ஆணி அடிக்கவே விடாதீர்கள். கேபிள் வாங்கவே வாங்காதீர்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு வந்தால் அந்த நிமிடமே வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள்.

கோவைப் பக்கம் யாராவது சமீபத்தில் இதே மாதிரி டிஸ்பிளேயில் ஒன்று பார்த்து வீட்டுக்கு வேறொன்று வந்திருந்தால், பெட்டியை எடுத்துக் கடைசி எழுத்தைப் பாருங்கள். மாறியிருந்தால் பில்லோடு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.