300–400 சிசி ரேஸ் பைக்கும் கிளப் சீசன்களும்: எது தாங்குகிறது, எது முதலில் போகிறது

யமஹா ஆர்3, கவாசாகி நின்ஜா 400 மாதிரியான இரட்டை சிலிண்டர் பைக்குகளை ரேஸுக்கு மாற்றி, கிளப் அளவிலான போட்டிகளில் சீசன் சீசனாக ஓட்டினால் என்னவெல்லாம் தேயும், எதெல்லாம் தாங்கும் என்பதைப் பற்றிய பகிர்வு இது. இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆயிலைக் காலத்தில் மாற்றி, லெவலைப் பார்த்து வந்தால் அது பாட்டுக்கு ஓடும். சீசனைக் கெடுப்பது சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்கள்தான். அதிலும் எந்தச் சாமான் முதலில் போகும் என்பதை பைக்கைவிட ட்ராக்தான் தீர்மானிக்கிறது.

புள்ளிக் கணக்கைப் பார்த்தால் இதன் கனம் புரியும். பரவலாக உள்ள முறையில் முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16. நேர் போட்டியாளர் ஜெயித்த ஒரு ரேஸை நாம் முடிக்காமல் விட்டால் 25 புள்ளி இடைவெளி. அவர் இரண்டாமிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், அதை ஈடுகட்ட வரிசையாக ஐந்து வெற்றி வேண்டும். கூடுதல் குதிரைத்திறனுக்குச் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டிய கணக்கு.

ரேஸுக்கு முந்தைய தொழில்நுட்பப் பரிசோதனையில் அதிகம் திருப்பி அனுப்பப்படுவது சேஃப்டி வயருக்காகத்தான், அதாவது போல்ட் கழலாமல் இழுத்துக் கட்டும் கம்பிக்காக. ஆயில் ட்ரெயின் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி, பிரேக் காலிப்பர் போல்ட் ஆகியவற்றுக்கு 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி போதும். ஆயில் ஃபில்டரில் துளை போட முடியாது. அதைச் சுற்றி ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி, கிளிப்பிலிருந்து கம்பியை இழுக்க வேண்டும். கம்பி இழுக்கும் திசை போல்ட்டை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். மாற்றிக் கட்டினால் போல்ட் கழல்வதை அது தடுக்காது. மிகையாக முறுக்கிய கம்பி அதிர்விலேயே அறுந்துவிடும். அடி ஃபேரிங் (பைக்கின் கீழ்ப்பக்க உறை) கசியும் ஆயிலையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும் தொட்டியாக இருக்க வேண்டும் என்பது விதி. அதில் உள்ள வடிகால் துளை காய்ந்த ட்ராக்கில் அடைத்தே இருக்க வேண்டும். மழை ரேஸில் மட்டும் திறக்கலாம். ரேடியேட்டரில் கிளைகால் கலந்த கூலன்ட் கூடாது. அது ட்ராக்கில் சிந்தினால் வழுக்கும், கழுவினாலும் லேசில் போகாது. காய்ச்சி வடித்த தண்ணீரும், ரேஸுக்கென்று விற்கும் துருத்தடுப்பு திரவமும் போதும்.

இனி டயர். பணமும் புள்ளியும் அதிகம் கரையும் இடம் இதுதான். புதிதாக வருகிறவர்கள் காற்றைக் குளிர்ந்த நிலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அளக்க வேண்டியது சூடான நிலையில். டயர் வார்மர் (டயரைச் சூடேற்றும் மின் போர்வை) 80 டிகிரிக்கு ஏற்றியபின் 30 பிஎஸ்ஐ காட்டும் டயர், 25 டிகிரியில் ஆறிக் கிடக்கும்போது ஏறக்குறைய 23தான் காட்டும். ஆக, குளிரில் 30 வைத்துவிட்டு ட்ராக்கில் இறங்கினால் சூடேறும்போது அளவு எங்கோ போய்விடும். வார்மரை ஒரு மணி நேரம் போட வேண்டும். கால் மணி நேரம் போட்டால் மேல்ரப்பர் கையைச் சுடும், உள்ளே டயரின் உடல் குளிர்ந்தே இருக்கும். செஷன் முடிந்து வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே ஒருவர் காற்றழுத்தக் கேஜை வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வரும் எண் எதற்கும் உதவாது.

அளவு சரியா என்பதை ரப்பரே காட்டிவிடும். ஆழமாக, ஓரம் கூர்மையாகப் பிய்ந்திருந்தால் டயர் உள்ளே சூடேறவில்லை. பெரும்பாலும் காற்று அதிகம். மேலோட்டமாக, நுண்ணிய சுருக்கம் போலப் பிய்ந்து, நீலம் பாய்ந்த பளபளப்பு தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு. காற்று குறைவு, அல்லது பின்சக்கரம் அதிகம் சுழல்கிறது. ஒவ்வொரு பட்டையின் ஒரே ஓரத்தில் மட்டும் உதடு மாதிரி மேடு எழும்பியிருந்தால் காற்றைத் தொடாதீர்கள், ஷாக்கின் ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரியும் வேகத்தைப் பாருங்கள். பள்ளம் மிச்சமிருக்கிறதே என்று டயரை நம்புவதும் சரியில்லை. சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் ரப்பர் கொஞ்சம் இறுகும். பள்ளம் பாதி இருக்கும்போதே பிடிமானம் போயிருக்கும்.

எந்தப் பக்கம் தேயும் என்பது ட்ராக்கின் வடிவத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஐலண்ட் 4.448 கி.மீ.; இடப்பக்க வளைவு ஏழு, வலப்பக்க வளைவு ஐந்து. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இடப்பக்க வளைவுகள் நீளமானவை, வேகமானவை. டயர் தாங்காது என்பதால் 2013இல் அங்கே உலகச் சாம்பியன்ஷிப்பான மோட்டோஜிபி ரேஸையே 19 லேப்பாகக் குறைத்து, நடுவில் பைக்கை மாற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். மாற்ற ஒரு லேப் தாமதித்த மார்க் மார்க்கெஸுக்குக் கறுப்புக் கொடி விழுந்தது, ரேஸிலிருந்தே நீக்கப்பட்டார். ஜெர்மனியின் சாக்சன்ரிங்கில் வேறு ஆபத்து. 13 வளைவில் 10 இடப்பக்கம். நான்காவது முதல் பத்தாவது வரை ஏழும் தொடர்ச்சியாக இடது. அந்த நேரம் முழுக்க டயரின் வலப்பக்கம் தரையைத் தொடாமல் ஆறிக்கொண்டே வரும். உடனே 11ஆவது வளைவு: வேகமான வலது, இறக்கத்தில். காலைக் குளிரில் முன்சக்கரம் அங்கே எச்சரிக்கையே தராமல் மடங்கும். இப்படிப்பட்ட ட்ராக்குகளில் முதல் இரண்டு லேப் அதிகம் சாயாத பக்கத்தை நம்பக் கூடாது. வார்மர் போட்டிருந்தாலும்தான்.

பிரேக்கைப் பொறுத்தவரை ஜப்பானின் மோடேகி நல்ல பாடம். முழு வேகம், கடும் பிரேக், மறுபடி முழு வேகம் என்றே போகும் ட்ராக். மோட்டோஜிபி வண்டிகளுக்கே அங்கே குறைந்தது 340 மி.மீ. டிஸ்க் தேவைப்படுகிறது. ஆர்3க்கு முன்னால் இருப்பது 298 மி.மீ. ஒற்றை டிஸ்க். எடை குறைவு, வேகம் குறைவு என்பதால் சமாளிக்கும். ஆனால் பிரேக் ஆயில் பழசாக இருந்தால் சமாளிக்காது. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி. லீவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடும். ரேஸுக்கென்று வரும் ஆயில்கள் 300 டிகிரிக்கு மேல் தாங்கும், அதற்குப் பதிலாகச் சீக்கிரம் மாற்றச் சொல்லும். இரண்டு ரேஸ் வார இறுதிக்கு ஒருமுறை மாற்றினால் தொந்தரவில்லை. டாட் 5 மட்டும் வேண்டாம். அது சிலிகான், மற்றவற்றோடு கலக்காது. இன்னொன்று: ஹேண்டில் படபடவென்று ஆடி அடங்கினால் டிஸ்க், பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அடுத்த வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே லீவரை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட வேண்டும். முதல் பிடியில் பிரேக் இருக்காது.

கியரிங்கில் பலர் குழம்புகிறார்கள். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் 14/43 (முன்னால் 14 பல், பின்னால் 43) என்று வைத்துக்கொண்டால், பின்னால் ஒரு பல் கூட்டினால் விகிதம் 2.3 சதவீதம் மாறும். முன்னால் ஒரு பல் மாற்றினால் ஏழு சதவீதத்தை ஒட்டி மாறும். அதாவது முன்னால் ஒரு பல்லுக்குப் பின்னால் மூன்று பல். ஆகவே முன்பக்கத்தை ஒருமுறை முடிவு செய்துவிட்டு, ட்ராக்குக்கு ட்ராக் பின்பக்கத்தை மட்டும் மாற்றுவது நல்லது. மிக நீளமான நேர்ப்பாதையின் முடிவில், பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன் கடைசி கியரில் லிமிட்டரை, அதாவது இன்ஜின் சுற்றின் உச்ச வரம்பை நெருங்க வேண்டும். தனியாக ஓடும்போதே தொட்டுவிட்டால், முன்னால் போகிறவரின் காற்று நிழலில் கிடைக்கும் கூடுதல் வேகம் வீண், முந்த முடியாது. சில நூறு ஆர்பிஎம் மிச்சம் வையுங்கள். பின்னால் ஒரு பல் கூடினால் சக்கரம் ஏறக்குறைய 4 மி.மீ. முன்னே வரும் என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்று பல் என்றால் 12 மி.மீ.; பைக்கின் நடத்தையே மாறும், செயினில் இணைப்பைக் கூட்டவும் நேரலாம். தொய்வைப் பார்க்கும்போது சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும்.

லேப் நேரத்தைப் பதிவு செய்ய சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை மறக்காதீர்கள். அதற்கும் தரைக்கும் நடுவே உலோகமோ கார்பன் ஃபைபரோ வரக் கூடாது. வந்தால் சிக்னல் விட்டுப்போகும். தகுதிச் சுற்றில் நேரம் பதிவாகாவிட்டால், எவ்வளவு வேகமாக ஓட்டியிருந்தாலும் கிரிட்டின் (தொடக்க வரிசையின்) கடைசியில் நிற்க வேண்டியதுதான். சத்த வரம்பும் ட்ராக்குக்கு ட்ராக் மாறும். அமெரிக்காவின் லகுனா செகா அதில் கறார். சைலன்ஸர் உள்ளே இருக்கும் நார் எரிந்து போனால், சீசன் தொடக்கத்தில் பாஸான பைக் நடுவில் ஃபெயிலாகும். கையில் ஒரு பேஃபிள் (சைலன்ஸருக்குள் செருகும் சத்தத் தடுப்பு) இருக்கட்டும்.

லெதர் சூட்டில் முதலில் போவது ஜிப். 2023 இந்திய மோட்டோஜிபியில், வெயிலால் 21 லேப்பாகக் குறைக்கப்பட்ட ரேஸில், ஹோர்ஹே மார்ட்டினின் சூட் ஜிப் ஓட்டத்தின் நடுவே திறந்துகொண்டது. நேர்ப்பாதையில் அதை இழுத்து மூட வேண்டி வந்தது. ஒவ்வொரு ரேஸுக்குப் பிறகும் ஜிப்பின் பற்களைத் தூரிகையால் துடைத்து மெழுகு தடவுங்கள். விழுந்தபின் தோலைவிடத் தையலைப் பாருங்கள்.

பைக் விழுந்தால் முதலில் த்ராட்டில் தானாகத் திரும்புகிறதா, ஹேண்டில் இரு பக்கமும் முட்டாமல் திரும்புகிறதா, பிரேக் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபேரிங்குக்குள் புகுந்த ஜல்லியைக் கொட்டாமல் கிரிட்டுக்குப் போகக் கூடாது. அது முதல் வளைவில் ட்ராக்கில் கொட்டும். பெட்டியில் இருக்க வேண்டியவை: பிரேக், கிளட்ச் லீவர்கள், கியர் லீவர், இரு பக்க ஃபுட்பெக், ஒரு கிளிப்-ஆன் (ஒரு பக்க ஹேண்டில்). கியர் லீவரை யாரும் எடுத்து வருவதில்லை, எல்லோரும் தேடுவது அதைத்தான்.

சீசன் முடிந்ததும் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். கிளைகால் இல்லாத தண்ணீர் குளிர் தேசங்களில் உறைந்தால் இன்ஜின் பிளாக்கே விரிசல் விடும். மற்ற இடங்களில் அலுமினியத்தை மெல்ல அரிக்கும். முன், பின் இரண்டு ஸ்டாண்டிலும் நிறுத்தி, டயரைத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். அடுத்த சீசனுக்கு அந்த டயரையே போடப் போவதில்லை என்றால் இது தேவையில்லை, பழைய டயரைப் போடாமல் இருப்பதே நல்லது.