உகண்டாவில் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொழும்பிலிருந்து பணம் அனுப்பும் திட்டம்: ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில் எங்கள் சபையைச் சேர்ந்த சில குடும்பங்கள், உகண்டாவில் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனமொன்று நடத்தும் ஆரம்பப் பாடசாலையில் படிக்கும் பிள்ளைகளுக்காக மாதந்தோறும் பணம் அனுப்பி வருகின்றன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. இத்திட்டத்தில் சேரலாமா என்று சபைக்கு வெளியிலிருந்தும் பலர் கேட்பதால், அரச பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை என்ற முறையில் எனது மதிப்பீட்டை எழுதுகின்றேன். இங்கே சுட்டப்படும் குறைகள் இவ்வகையான வேறு திட்டங்களிலும் இருக்கக்கூடியவை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பணம் கொடுப்போருடன் தொடர்பு வைத்திருப்பதில் இந்த நிறுவனம் மிகவும் ஒழுங்கானது. உகண்டாவின் பாடசாலை ஆண்டு மூன்று தவணைகளைக் கொண்டது. தவணை முடியும்போதெல்லாம் தேர்ச்சி அறிக்கையும் ஒரு புகைப்படமும் பிள்ளை கைப்பட எழுதிய கடிதமும் எங்களுக்கு வந்து சேர்கின்றன. பணம் எவற்றுக்குச் செலவாகிறது என்ற விவரமும் உடன் வருகின்றது: கட்டணம், சீருடை, கொப்பிகள், மதிய உணவு. இந்த மதிய உணவை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 1997இல் உகண்டா அரசு ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது, பிள்ளைகளின் சாப்பாடு பெற்றோரின் பொறுப்பாகவே விடப்பட்டது. ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளை அரச பாடசாலையில் பகல் முழுவதும் வெறும் வயிற்றுடன் இருக்க நேரிடுகின்றது. தொண்டுப் பாடசாலையிலோ சோளமாக் களியும் அவரைக்கறியும் நாள்தோறும் கிடைக்கின்றன. படிப்பில் காணும் வேறுபாட்டில் ஒரு பங்கு அந்தத் தட்டிலிருந்தே தொடங்குகின்றது என்பது என் உறுதியான எண்ணம்.

சபையினர் குழுவாக அங்கு சென்றபோது அந்தப் பாடசாலையையும், அதே வீதியில் இருக்கும் அரச பாடசாலையையும் பார்த்தோம். தொண்டுப் பாடசாலையின் வகுப்பில் பிள்ளைகள் நாற்பதுக்குள் இருந்தனர். ஆசிரியை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எழுப்பி வாசிக்க வைத்தார். அரச பாடசாலையின் இரண்டாம் வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருந்தனர். மூவருக்கான வாங்கில் ஐந்து பேர் நெருக்கியடித்து அமர்ந்திருக்க, இடம் கிடைக்காதவர்கள் சீமெந்துத் தரையில் இருந்தனர். மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியதும் ஆசிரியரின் குரல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அவர் கரும்பலகையில் எழுதியே பாடத்தை முடித்தார். அந்த ஆசிரியர் பயிற்சி பெற்றவர், திறமையானவர். அவரையும் தொண்டுப் பாடசாலை ஆசிரியையையும் இடம் மாற்றி நிறுத்தினால் பெறுபேறு பெரிதும் மாறாது என்று, வகுப்பறையில் என் காலத்தைக் கழித்தவள் என்ற வகையில் சொல்வேன்.

அந்த நெரிசல் எப்படி வந்தது என்பதை அறியாமல் அரச பாடசாலையைக் குறைத்துப் பேசுவது அநீதி. மலாவி 1994இலும் கென்யா 2003 ஜனவரியிலும் ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கின. உகண்டாவில் 1996இல் ஏறத்தாழ 30 இலட்சமாக இருந்த ஆரம்பப் பாடசாலை மாணவர் தொகை அடுத்த ஆண்டிலேயே 50 இலட்சத்தைத் தாண்டியது. மலாவியில் 19 இலட்சம் ஏறத்தாழ 30 இலட்சமாகியது. கென்யாவின் எல்டொரெட்டில் கிமானி மாருகே என்ற முதியவரும், கட்டணம் நீங்கியதால், 84 வயதில், 2004ஆம் ஆண்டில், முதலாம் வகுப்பில் சேர்ந்து படித்தார். பிள்ளைகள் ஒரே ஆண்டில் வந்துவிட்டார்கள். கட்டடங்களும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் வர முடியவில்லை. அரச பாடசாலை வந்த எவரையும் திருப்பி அனுப்பவில்லை. தொண்டுப் பாடசாலை, வாங்குகள் நிறைந்ததும் அனுமதியை நிறுத்திவிடுகின்றது. இரண்டையும் ஒப்பிடும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

மேலும், அரச பாடசாலை ஒரு பக்கம், கிறிஸ்தவப் பாடசாலை மறுபக்கம் என்று கோடு கிழிப்பதும் ஆபிரிக்காவுக்குப் பொருந்தாது. உகண்டாவில் அரசின் உதவி பெறும் பாடசாலைகள் பலவற்றை நிறுவியவை கத்தோலிக்க, அங்கிலிக்கன் திருச்சபைகளே. லெசோத்தோவில் பெரும்பாலான பாடசாலைகள் திருச்சபைகளுக்குச் சொந்தம்; ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கொங்கோ சனநாயகக் குடியரசிலும் 1977இல் அரசுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி திருச்சபைகள் நிர்வகிக்கும் பாடசாலைகளிலேயே பெருந்தொகையான மாணவர் படிக்கின்றனர். அங்கெல்லாம் சிலுவை பொறித்த வாயிலுக்குள்ளும் நெரிசல் உண்டு.

கொழும்பில் வாழும் நமக்கு இது புதிதன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அரசின் உதவி பெற்றுவந்த மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் அரசால் சுவீகரிக்கப்பட்டன. அரசிடம் போக மறுத்த சில பாடசாலைகள் உதவிப்பணமும் இல்லாமல், கட்டணம் அறவிடும் அனுமதியும் இல்லாமல் பழைய மாணவர்களின் நன்கொடையில் காலம் தள்ளின. தென்னாபிரிக்காவிலும் 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டத்தால் மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்குச் சென்றன. ஆனால் அங்கே நோக்கம் கறுப்பினப் பிள்ளைகளின் கல்வியைத் தாழ்த்துவதாக இருந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

இத்திட்டங்களால் பிள்ளைக்குப் பயன் உண்டா என்ற கேள்விக்கு ஆதாரம் இருக்கின்றது. கென்யா, உகண்டா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் கொம்பாஷன் இன்டர்நெஷனல் நிறுவனத்தின் உதவியுடன் வளர்ந்தவர்களை ஆராய்ந்து 2013இல் வெளிவந்த பொருளியல் ஆய்வு, அவர்கள் சராசரியாக ஓர் ஆண்டுக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்ததைக் காட்டியது. அந்த நிறுவனம் உள்ளூர்ச் சபைகள் வழியாகப் பிள்ளைக்கு உதவுவது. உதவி பெறும் பிள்ளை அரச பாடசாலைக்கும் செல்லலாம். தனியாகப் பாடசாலை கட்டாமலே இவ்வளவு செய்ய முடிந்திருப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகின்றேன்.

எங்கள் திட்டத்தில் எனக்குள்ள மனக்குறையும் இங்கேதான் பிறக்கின்றது. வரும் அறிக்கைகளில் எங்கள் பிள்ளையின் புள்ளிகள் இருக்கின்றன; வகுப்பில் எத்தனை பேர், இவ்வாண்டு எத்தனை பேருக்கு இடம் மறுக்கப்பட்டது, பிள்ளைகளைத் தெரிவு செய்தது எவ்வாறு, ஆசிரியைக்குச் சம்பளம் எவ்வளவு என்பவை இல்லை. அங்கிருந்த ஆசிரியை ஒருவர், அரச நியமனம் கிடைத்தால் ஓய்வூதியத்துக்காகப் போய்விடுவேன் என்று எங்களிடம் மனந்திறந்து சொன்னார். சீருடைக்கும் புகைப்படத்துக்கும் காட்டும் கவனம் அவரைத் தக்கவைத்துக்கொள்வதில் காட்டப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பொறுப்பேற்ற பிள்ளையை நடுவில் விடுவது பெரும் பாவம். ஏழாம் வகுப்பு முடிவில் நடைபெறும் ஆரம்பக் கல்வி இறுதிப் பரீட்சை வரையிலாவது தொடர முடியுமென்றால் மட்டுமே சேருங்கள். சேருவதற்கு முன் மேற்சொன்ன விவரங்களை எழுத்தில் கேளுங்கள். தயங்கும் நிறுவனத்தைத் தவிர்த்து, அயலிலுள்ள அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கும் உணவும் புத்தகமும் கொடுக்கும் திட்டமொன்றைத் தேடுங்கள். எங்கள் சபை, அடுத்த தவணையிலிருந்து அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை அதே வீதியிலுள்ள அரச பாடசாலையின் மதிய உணவுக்கு ஒதுக்குமாறு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கின்றது.